தோள்வலியைச் செய்து காட்டுதல்

ஊழியர்களின் உடல்நலத்தில் இலாகா கொண்டிருந்த அக்கறை, ஒரு வியாழக்கிழமை சுற்றறிக்கையாக வெளிப்பட்டது. மருத்துவ விடுப்பை அடியோடு ஒழிக்கும் பொருட்டு, அனைவரும் தினமும் காலையில் கூட்ட அறையில் யோகாசனம் செய்ய வேண்டும். குப்புறக் கிடந்து, கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி இறக்கும் ஓர் ஆசனம், ஐம்பது தடவை. வேறு ஆசனங்களும் உண்டே என்று யாரும் கேட்கவில்லை. எண்ணுவதற்கு இதுதான் வசதி.

பதிவறை எழுத்தர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். முதல் மாதம் முதுகு நிமிர்ந்தது. இரண்டாம் மாதம் வலது தோள் முணுமுணுத்தது. மூன்றாம் மாதம் சட்டை மாட்டவே மனைவி வர வேண்டியதாயிற்று. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

எலும்பு டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்தார்.

"ஒரே அசைவைத் தினம் அம்பது தடவை செஞ்சா, தோள் என்ன இரும்பா? மூணு வாரம் அந்த ஆசனத்தைத் தொடாதீங்க. அப்புறமும் முட்டியைத் தரையில ஊன்றி அஞ்சோ ஆறோதான். வலிச்சா நிறுத்திடணும்."

"மாசக் கடைசில மக வர்றா, டாக்டர். பேத்தியை நான் இன்னும் தூக்கினதே இல்ல."

"அப்ப இன்னைக்கே நிறுத்துங்க."

சாமி வரம் கொடுத்தாயிற்று. அலுவலகத்தில் பூசாரிகள் மூன்று பேர், யோகக் காயப் பரிசீலனைக் குழு என்ற பெயரில், மெத்தை நாற்காலிகளில் வீற்றிருந்தார்கள். மேற்பார்வையின் சுமை கருதி, குழுவினருக்கு மட்டும் ஆசனத்திலிருந்து விலக்கு.

குழுத் தலைவர், எழுத்தர் நீட்டிய டாக்டர் சீட்டைப் புரட்டினார். "வலிக்குதுன்னு இருக்கு. எப்படி வலிக்குதுன்னு இல்லையே. செஞ்சு காட்டுங்க."

"செய்யக் கூடாதுன்னுதாங்க சீட்டே குடுத்திருக்காரு."

"செய்ய முடியலங்கறது செஞ்சாத்தானே தெரியும்?"

எழுத்தர் பாயை விரித்துச் செய்தார். கத்தவில்லை, அலுவலகத்தில் கத்திப் பழக்கமில்லை.

"நல்லாத்தானே செய்றாரு!" என்றார் ஓர் உறுப்பினர்.

"நான் குனிஞ்சு எழுதிட்டிருந்தேன், பாக்கல. இன்னொரு தடவை" என்றார் மற்றவர்.

கோப்புக்கு நகல் வேண்டுமென்று மூன்றாவது தடவையும் நடந்தது. அப்போது தோளுக்குள் 'சடக்' என்றது. எழுத்தர் பாயிலேயே சுருண்டுவிட்டார்.

"நிரூபணமாயிடுச்சு" என்றார் தலைவர், மனநிறைவோடு. "ஆனா தனி ஆளுக்கு விலக்கு குடுக்க விதியில்ல. குழுவுக்குத்தான் விலக்கு. அதனால உங்களைக் குழுவுல சேத்துக்கறோம். மொத்தம் நாலு நாற்காலிதான். அடுத்து யாருக்காவது இப்படி நிரூபணமானா, கடைசியா சேந்தவர் அவருக்கு நாற்காலியை விட்டுட்டுப் பாய்க்குத் திரும்பிடணும். சரிதானே?"

வலியில் எழுத்தர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மாதக் கடைசியில் மகள் வந்தாள். பேத்தியை மனைவிதான் அவர் மடியில் கிடத்தினாள். கட்டுப்போட்ட கையோடு அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகை முட்டியது. அந்தக் குழுவை மனதார ஏசினார்.

ஆனால் மெத்தை நாற்காலி நல்ல வைத்தியம். நான்கு மாதத்தில் தோள் தேறியது. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைத் தலைக்குமேல் தூக்கினார். குழந்தை சிரித்த சிரிப்பில் வீடே நிறைந்தது. அடுத்த ஞாயிறும் வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை தட்டச்சரம்மா குழுவின் முன் வந்து நின்றார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"வீட்ல சோத்துப் பானையைக்கூட இறக்க முடியல சார். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்மா" என்றார் எழுத்தர் கனிவாக.

தட்டச்சரம்மா பாயில் முதல் தடவை செய்தார். இரண்டாம் தடவை செய்தார். மூன்றாம் தடவை மணிக்கட்டில் 'சடக்' என்றது. அறை முழுக்கக் கேட்டது. அந்த அம்மா வலியில் உதட்டைக் கடித்தார். மற்ற மூவரும் எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுத்தர் கோப்பைப் பார்த்தார். பிறகு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார். "இன்னொரு தடவை செய்யுங்க."