சுற்றுத்தாழ்வாரம் கோயிலில் சேர்த்தியா?

முப்பத்திரண்டு வருடமாக ஒரு வாசற்படியை மிதிக்காமல் இருந்தவன் நான். நீங்கள் இருந்து காட்டுங்கள் பார்ப்போம். உண்ணாவிரதம் சுலபம், பசியே ஞாபகப்படுத்திவிடும். மிதிக்காத படியை நாமாகத்தான் தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1951 வேலைநிறுத்தத்தின்போது எங்கள் பள்ளத்தாக்கின் மரக்கோயிலில் அன்றைய பாதிரியார், "ஆலை கொடுக்கிறது, ஆண்டவர் ஆசீர்வதிக்கிறார்" என்று பிரசங்கம் செய்தார். நான் எழுந்தேன். "கொடுப்பது ஆலை இல்லை, எங்கள் முதுகு" என்றேன். வெளியே நடந்தேன். அந்த மே தினத்தில் நானூறு பேர் முன்னால் சபதம் செய்தேன்: ஹால்ஸ்டைன் ஆகிய நான் இனி அந்தக் கோயில் படியைத் தாண்டமாட்டேன். அந்த நானூறு பேரில் பாதிப் பேரை அதே கோயிலுக்குள் பெட்டியில் தூக்கிப் போனார்கள். நான் வெளியே மழையில் நின்று வழியனுப்பினேன். மீதிப் பாதி டை கட்டிக்கொண்டு நகரசபையில் உட்கார்ந்திருக்கிறது. சொன்ன சொல் மிஞ்சியிருப்பது என்னிடம் மட்டும்தான்.

இப்படி இருக்கையில், மகள் இங்வில்ட் பெர்கன் நகரத்திலிருந்து போன் செய்தாள். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பேத்திக்கு ஞானஸ்நானம். எங்கள் மரக்கோயிலில்.

"பெர்கன்ல கோயிலே கிடைக்கலையா?" என்றேன்.

"எண்ணூறு வருஷத்துக் கோயில் கிடைக்கல. அப்பா, நீ உள்ள வருவேதானே?"

"எனக்கு ஒரு கொள்கை இருக்கும்மா."

"எனக்கு ஒரு அப்பா இருக்காரு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

என் மனைவி குட்னி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருடத் தொழிற்சங்க அனுபவத்தில் சொல்கிறேன்: எதிர்த்தரப்பு கத்தினால் பயப்பட வேண்டாம். பேசாமல் உருளைக்கிழங்கு உரித்தால், எங்கேயோ ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கோயிலைச் சுற்றி மரத்தாழ்வாரம் ஒன்று ஓடுகிறது. மேலே கூரை, பக்கத்தில் பாதிச்சுவர். அங்கே நின்றால் திறந்த கதவு வழியாக எல்லாம் தெரியும். குழந்தையையும் பார்க்கலாம், கொள்கையையும் காக்கலாம்.

குட்னியிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தாழ்வாரம் கோயிலில் சேர்த்தியா, வெளியில் சேர்த்தியா?"

"வெளியிலதான்."

"கோயில் கூரைதானே அதையும் மூடுது?"

"அது... அது தனிக் கூரை."

"யாராவது கேட்டா ஆதாரம் வேணுமே. டை கட்டினவங்க சிரிக்கப்போறாங்க."

சிரிப்பார்கள்தான். மறுநாளே நூலகத்துக்குப் போனேன். தலையணை மாதிரி ஒரு புத்தகம் கொடுத்தார்கள். தாழ்வாரத்தைப் பற்றி நாலு வரி படிக்கப் போனவன் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. ராஜாக்கள் கட்டியது என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்? கட்டியவர்கள் தச்சர்கள். முதலில் தூண்களை மண்ணில் நட்டார்கள்; அடி மக்கிப்போனது. அடுத்து வந்தவர்கள் கல்லைப் பரப்பி, கல்மேல் உத்தரம் போட்டு, உத்தரத்தின் மேல் தூணை நிறுத்தினார்கள். ஈரம் ஏறவில்லை. எண்ணூறு வருடம் நிற்கிறது. பைன் மரத்தை வெட்டுவதற்கு முன்பே நுனியைக் கழித்து, நின்ற நிலையிலேயே பிசின் ஊறவிட்டார்களாம். பிற்பாடு ஒரு ராஜா, சண்டை போட்டுக் கஜானா காலியானதும், கோயில்களை ஏலம் விட்டான். அதற்கும் பிற்பாடு, கோயில் இத்தனை பேர் கொள்ளவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். சின்னதாக இருந்ததற்காகவே பல கோயில்களை இடித்துத் தள்ளினார்கள். தச்சன் கட்டியதை மேலிடத்தில் இருப்பவன் எப்படி நடத்துவான் என்று எனக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் ரத்தம் கொதித்தது.

சனிக்கிழமை குட்னியைக் கூட்டிக்கொண்டு நேரில் பார்க்கப் போனேன். கதவுச் சட்டத்தில் செதுக்கிய பாம்பும் மிருகமும் ஒன்றையொன்று கடித்துப் பின்னிக் கிடந்தன. எது எதைக் கடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் சங்கத்தின் செயற்குழு ஞாபகம் வந்தது.

நான் தாழ்வாரத்தில் நின்றேன். அவள் உள்ளே போனாள்.

"குட்னி, தூண் எத்தனை?"

"நெறைய."

"எண்ணிச் சொல்லு."

"பன்னெண்டு. இல்ல, பதினாலு. இருட்டா இருக்கு, ஹால்ஸ்டைன்."

"அடியில கல்லு தெரியுதா?"

"பலகை தெரியுது."

"சுவத்துல தச்சனுங்க ஏதாவது கீறியிருக்காங்களா பாரு. ரூன்னு பழைய எழுத்து, குச்சி குச்சியா இருக்கும்."

சுவரோரமாக அவள் நடக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கு" என்றாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"குச்சி குச்சியா இருக்கு."

"வரைஞ்சு எடுத்துட்டு வா."

"பென்சில் உன் பையில இருக்கு. வந்து குடு."

கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழுத்தை மட்டும் உள்ளே நீட்டினேன். கழுத்து படியைத் தாண்டுவது மீறல் ஆகாது, சபதம் காலுக்குத்தான். மரத்துக்குப் பூசிய தார் வாசனையும் இருட்டும்தான் கிடைத்தன. எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒரு தொழிலாளி எனக்குப் பத்தடி தூரத்தில் ஏதோ எழுதி வைத்திருக்கிறான், எனக்குப் படிக்க முடியவில்லை. கால் தானாகப் படியேறப் பார்த்தது. காலைப் பின்னுக்கு இழுத்தேன்.

அன்று சாயங்காலமே அந்தப் புத்தகத்தில் ஆதாரம் சிக்கிவிட்டது. பழைய காலத்தில் ஆயுதங்களை வைத்துவிட்டுப் போகும் இடம் அந்தத் தாழ்வாரம். உள்ளே வரத் தகுதியில்லாதவர்கள் நின்ற இடமும் அதுதான்: பாவம் செய்தவன், பிள்ளை பெற்றுத் தீட்டுக் கழியாதவள், ஞானஸ்நானம் ஆகாத குழந்தை. பாதிரியார்தான் கதவுக்கு வருவார்.

"கேட்டியா? உள்ள வராதவங்க நிக்கிற இடம். அப்போ அது வெளியே" என்று மேசையைத் தட்டினேன்.

குட்னி காப்பி ஊற்றினாள். "அடேயப்பா. ஞானஸ்நானம் கதவுகிட்டதான் ஆரம்பிச்சுதா?"

"கதவுகிட்டதான். பேரு கேக்கறதே அங்கதான்."

"அதுவரைக்கும் குழந்தையை யாரு வெச்சிருப்பாங்க?"

"வெளியே நிக்கிறவன் எவனோ அவன்."

"உன் அளவுக்கு யாரு இதையெல்லாம் படிச்சிருக்கா? எழுதி வையேன், ஹால்ஸ்டைன். தச்சனுங்க பேர்ல."

எழுதினேன். தட்டச்சு செய்து இரண்டு பக்கத் துண்டுப் பிரசுரம். பத்து வருடத்தில் நான் எழுதிய முதல் பிரசுரம். ஒரு பிரதியை இங்வில்டுக்கு அனுப்புகிறேன் என்று குட்னி வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. கோட்டில் சங்கத்தின் சின்னத்தைக் குத்திக்கொண்டு தாழ்வாரத்தில் போய் நின்றேன். மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போகவேண்டும். யாரும் போகவில்லை. தாழ்வாரத்தில் என்னைச் சுற்றி நின்றார்கள், டை கட்டியவர்கள் உட்பட. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதிரியார் வேமுண்ட் வந்தார். இளைஞர், நல்ல குரல். கையில் என் பிரசுரம்.

"நம்ம முன்னோர்களோட வழக்கப்படி இன்னைக்குக் கதவுகிட்ட ஆரம்பிக்கிறோம்" என்றார். "இதை நமக்குக் கண்டுபிடிச்சுக் கொடுத்தவர் இங்கதான் நிக்கிறார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கூட்டம். மறுக்கிறவன் எவன்? தலையை நிமிர்த்தினேன். அந்த நேரத்தில்தான் குட்னி, "ஒரு நிமிஷம் பிடி, ஷால் சரியில்ல" என்று குழந்தையை என் கையில் வைத்தாள்.

"குழந்தையைக் கொண்டுவந்தது யாரு?" என்றார் வேமுண்ட்.

இங்வில்ட் என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

"பேரு?"

"ஓஸ்னே."

"ஓஸ்னேயை உள்ளே கொண்டு வாங்க" என்றார். திரும்பி நடந்தார். அவர் பின்னால் எல்லோரும் நடந்தார்கள். குட்னி ஷாலைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். இங்வில்ட் கடைசியாகப் போனாள். தாழ்வாரத்தில் நானும் குழந்தையும்தான். குழந்தையை வாசலில் வைத்துவிட்டு வர எந்தப் பிரசுரத்திலும் இடமில்லை.

படி உயரம். தாண்டினேன்.

தூண்கள் பதினாலு. எண்ணிவிட்டேன். தண்ணீர் விட்டபோது ஓஸ்னே அழவில்லை. நான் அழுதேன் என்று இங்வில்ட் சொல்கிறாள். அது தார் நெடி. வடக்குச் சுவரில், என் தோள் உயரத்தில், அந்தக் குச்சி எழுத்துகள் இருந்தன. அமைதியான ஜெபத்தின் நடுவில் விரலால் தடவிப் பார்த்தேன்.

காப்பி குடிக்கும்போது குட்னியை ஓரம் கட்டினேன்.

"நான் கால் வெச்சது சபதத்தை மீறி இல்ல. சுமைதூக்கியா வந்தேன். தொழிலாளியா."

"ஆமா, ஆமா" என்றாள், பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே. "இங்வில்ட் மூஞ்சியைப் பாத்தியா?"

பார்த்தேன். அதற்குமேல் வாதாடத் தோன்றவில்லை. எங்களுக்குக் கல்யாணம் நடந்தது 1949-ல், மாவட்ட நீதிபதியின் அலுவலகத்தில், பதினோரு நிமிடத்தில். அன்றிலிருந்து இவள் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் புஸ்தகத்துல ஒரு பக்கத்தை விட்டுட்ட, ஹால்ஸ்டைன்" என்றாள் குட்னி. "அந்தக் காலத்துல கல்யாணமும் கதவுகிட்டதான் ஆரம்பிக்குமாம். நமக்குப் பண்ணிவைக்கப் பாதிரியாருக்கு ஆகஸ்டு பதினாலு தோதுப்படுதாம்."