சோராவுக்கு வந்த இரண்டு கறுப்புக் கிட்டார்கள்

சோரா,
வியாழக்கிழமை, ஓயாத மழை.

பேரன்புள்ள ரிமிகி அக்காவுக்கு, தம்பி கிட்போர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு மழை சௌக்கியம். அதற்கு அடுத்தபடியாக நாங்களும் சௌக்கியம். ஷில்லாங்கில் நீங்களும் உங்கள் கிட்டார் கடையும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

வாசித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பி அனுப்பு என்று நீங்கள் கொடுத்தனுப்பிய இரண்டு கார்பன் கிட்டார்களும், மரமே இல்லாத அந்தக் கறுப்பு இழைக் கிட்டார்கள், வந்து சேர்ந்தன. என் மரக் கிட்டாரின் கதை உங்களுக்குத் தெரியும். மழை பிடித்தால் கழுத்து வளைந்து கம்பிகள் எழும்பிவிடும். அழுத்தி அழுத்தி என் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிடும். போன மாதம் கோயில் பாடகர் குழுவை நடத்தும் ஷெம்பாங் அண்ணன், "நீ கொஞ்ச நாள் சும்மா உக்காந்து பாடு தம்பி, கிட்டார நான் பாத்துக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் வாசித்தவனிடம்! அன்று வீட்டில் கோபத்தையெல்லாம் சோற்றில் காட்டினேன். நம்ம ஊர்க் கறிச்சோறு ஜாடோவை மட்டும் மூன்று தட்டு சாப்பிட்டேன்.

முதலில் சின்னக் கிட்டார். கழுத்து ஒல்லி, கம்பி தொட்டாலே அமுங்குகிறது. ஆனால் சத்தம் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி. பெரியதில் அடிக்குரல் கும்மென்று நெஞ்சில் வந்து உட்காருகிறது. ஆனால் முதுகு வழவழவென்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வாசலில் வாசிக்கும்போது மடியிலிருந்து வழுக்கி, படிகளில் உருண்டு, ஓடைக்குள் போய்விட்டது. பின்னாலேயே நானும் போனேன். தூக்கிக் கவிழ்த்தால் ஒரு குடம் தண்ணீரும் ஒரு நண்டும் வெளியே வந்தன. மீட்டிப் பார்த்தேன். சுருதி இம்மியும் அசையவில்லை! என் மனைவி தெய்மோன் எட்டிப் பார்த்து, "அதுக்கு ஒண்ணும் ஆகல. உனக்குத்தான் முட்டி பேந்திருக்கு, உள்ள வா" என்றாள்.

நேற்றுப் பாட்டுப் பயிற்சிக்கு அதையே கொண்டுபோனேன். ஷெம்பாங் அண்ணன் விரலால் தட்டிப் பார்த்து, "இது கிட்டார் இல்ல, வாளி. மரத்துக்கு உயிர் இருக்கு, வாளிக்கு இருக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது சரணத்தில் படாரென்று ஒரு சத்தம். ஈரத்தில் பசை விட்டு, அவருடைய மரக் கிட்டாரில் கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை பிய்ந்து பறந்துவிட்டது. நான் நிறுத்தாமல் வாசித்தேன் அக்கா. நாலு சரணமும் முடியும்வரை விரல் வலிக்கவே இல்லை.

முடிந்ததும் அவர், "இங்க குடு" என்று வாங்கி மூன்று பாட்டு வாசித்தார். பிறகு மெதுவாக, "மெதுவான பாட்டுக்கு மரம்தான் இனிமை, அத விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை நீயே வாசி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழைதான் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே பெரியது எனக்கு. சின்னதைச் சனிக்கிழமை ஷில்லாங் வரும் சுமோ வண்டியில் அனுப்பிவிடுகிறேன். உங்கள் கை தொட்டதெல்லாம் செழிக்கட்டும். கடைக்கு வருகிறவர் எவரும் வெறுங்கையோடு போகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
கிட்போர்லாங்

பி.கு.: தபால் உறை வாங்கிக்கொண்டு திரும்பினால் அடுப்படியில் சின்னக் கிட்டார் பாடிக்கொண்டிருக்கிறது. தெய்மோன்! பள்ளிக்கூட நாளில் வாசித்தாளாம்; இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியாது. "நீ எங்க கேட்ட?" என்கிறாள். அவள் விரல் பட்டால் அதில் தகரமே கேட்கவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, "ஒண்ணும் சனிக்கிழமை வராதுன்னு அக்காவுக்கு எழுது" என்று உத்தரவு. கூப்பிடுகிறாள், என் பெரிய கிட்டாரை அவளுடையதற்குச் சுருதி சேர்க்க வேண்டுமாம்.