காலியாகத் திரும்பிய தூக்குப்போசிகள்

கணபதி, கோவை
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி மகள் ஷ்ரவ்யாவுக்கு அப்பா கோவிந்தராஜுலு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, அதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. வார்சாவில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பாய். நல்ல போன் அம்மாவிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் நிலையில் நான் இல்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் நீ படித்துக் கருத்துச் சொல்லும்படி அனுப்பிய உன் ஆராய்ச்சிக் கட்டுரைதான். குற்றம் சொல்லவில்லை கண்ணு, நடந்ததைச் சொல்கிறேன். மில் தொழிலாளர் கூட்டுறவுப் பண்டகசாலையை ஓய்வு பெறும்வரை நடத்தியவன் நான். ஒரே சோப்பு, ஒரே எண்ணெய், எல்லோருக்கும் ஒரே வரிசை, மேனேஜர் சம்சாரமே வந்தாலும் வரிசையில்தான். சோவியத் கொடி இறங்கிய அன்று நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதும், "அவங்கூர்ல கொடி இறங்குனா நம்மூட்டு ரசம் எதுக்குங்க ஆறோணும்?" என்று உன் அம்மா கேட்டதும் உனக்குத் தெரிந்த கதை. அப்பேர்ப்பட்ட என்னையே உன் கட்டுரை அசைத்துவிட்டது. நீ இருக்கிற போலந்தில் அந்தக் காலத்தில் கடைகள் காலியாகக் கிடக்க ஜனங்கள் வரிசையில் நின்றது, ஒரு புத்தாண்டோடு அரசாங்கம் தான் கட்டிவைத்திருந்த விலைகளை அவிழ்த்துவிட்டது, விலை ஏறினாலும் சரக்கு கடைக்கு வந்து சேர்ந்தது, தெருவிலே மடக்குக் கட்டிலைப் போட்டு அதன் மேல் சரக்கைப் பரப்பி விற்றது எல்லாம் படித்தேன். அந்தக் கட்டில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நம் மாடியிலும் ஒன்று சும்மா கிடக்கிறது அல்லவா. நீ குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஏதோ வருத்தமாகச் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மட்டும் அவசரத்தில் படிக்காமல் புரட்டிவிட்டேன்.

அம்மாவின் நிர்வாகம் உனக்குத் தெரியும். புளிச்சகீரைத் தொக்கு கிண்டினால் தெரு முழுக்க மூடிபோட்ட தூக்குப்போசிகளில் போகும். போன போசி காலியாகத் திரும்பி வராது. எதிர்வீட்டுக் கருப்பாத்தாள் முருங்கைக்காய் போட்டு அனுப்புவார், பக்கத்து லேத் பட்டறைத் தம்பிதுரை வீட்டிலிருந்து பொள்ளாச்சித் தேங்காய் வரும், ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்தும் ஒரு பிடி சர்க்கரையாவது வரும். யாருக்கு என்ன வேண்டும் என்ற கணக்கே கிடையாது. போன மாதம் எல்லாப் போசியிலும் முருங்கைக்காயே வந்து, சாம்பார், கூட்டு, பொரியல் என்று வாரம் பூராவும் அதையே மென்று துப்பிக்கொண்டிருந்தேன். இது திட்டமும் இல்லை, சந்தையும் இல்லை, சீர்திருத்தம் வேண்டும் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு, "காசு வாங்கிப்போட்டு எதிர்வீட்டக்கா மூஞ்சில எப்படிங்க முழிக்கறது?" என்றாள். போலந்திலும் ஆரம்பத்தில் இப்படித்தான் தயங்கியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவள் சோமனூருக்கு வளைகாப்புக்குப் போன அன்று வாசலில் கட்டிலைப் போட்டு, அவள் கிண்டி வைத்த தொக்குப் போசிகளை அடுக்கி, மூடிக்கு மூடி விலைச்சீட்டு ஒட்டினேன்.

முதலில் தம்பிதுரை வந்தார். சீட்டு கண்ணில் பட்டும் படாததுபோல், "எவ்வளவுங்ண்ணா?" என்றார். மில் நிர்வாகத்தோடு விடிய விடியப் பேரம் பேசிய யூனியன்காரன் நான், போசி மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன். "இருக்கட்டுங்க, பாத்துக் குடுங்க" என்றேன். அவர் நீங்களே சொல்லுங்க என்றார், நான் நீங்களே சொல்லுங்க என்றேன், நடுவில் டீ வந்தது, டீக்கு யார் காசு கொடுப்பது என்று அதற்கொரு மரியாதைப் போட்டி நடந்தது. இந்த ஊரில் விலையை அவிழ்த்துவிட்டாலும் அது வாயைத் தாண்டி வராது போலிருக்கிறது. கருப்பாத்தாள் மட்டும் சீட்டைப் படித்தார். காசைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போசியை எடுத்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மத்தியானத்துக்குள் சரக்கு காலி. சீர்திருத்தம் வெற்றி என்று உனக்குச் செய்தி அனுப்ப வாசகம்கூட யோசித்து வைத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தபோது போசிகள் எல்லாம் திரும்பி வந்து மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று காலி. சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். "நம்மூட்டுப் போசி இந்தத் தெருவுல ஒருக்காக்கூட இப்படி வந்ததில்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அதன்பின் சந்தை தானாகவே பரவிவிட்டது. நம் கேட் கீலைத் தம்பிதுரை எப்போதும் சும்மா பற்றவைத்துக் கொடுப்பார், இந்த முறை வேலை முடிந்ததும் ஜி.எஸ்.டி.யோடு பில் கொடுத்தார், அதையும் "தப்பா எடுத்துக்காதீங்ண்ணா" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். கருப்பாத்தாள் வீட்டில் ஓசியில் வாசித்த பேப்பருக்கு நானே சந்தா கட்டிவிட்டேன். கறிவேப்பிலை கேட்கப் போனவன் கேட்காமலே திரும்பினேன். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வீடு வீடாகப் போனால், "அதுக்கென்னங்க, இருக்கட்டுங்க" என்று காபி கொடுத்து அனுப்புகிறார்கள், காசை மட்டும் தொடமாட்டேன் என்கிறார்கள். அரைத்த மாவு மறுபடி அரிசி ஆகுமா? சமையலறையில் என் பங்கு மூடிபோட்டு இருக்கிறது, உப்பு குறைந்தால் சொல்லவும் ஆள் இல்லை.

ஆகவே நீ உடனே அம்மாவுக்குப் போன் செய்து, அப்பா பழைய நிர்வாகத்தையே மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். உன் கட்டுரையில் நம் கணபதி ஊரைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. பெருமாளை நம்பாத நான் இந்த ஒரு தடவை அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, உடம்பும் படிப்பும் செழித்து நீ நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
சீர்திருத்தத்தில் அடிபட்ட உன் அப்பா,
கோவிந்தராஜுலு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கருப்பாத்தாள் கொள்ளு ரசத்தோடு வந்தார். மூடியில் ஒரு விலைச்சீட்டு. "விலை: அண்ணன் இனிமேல் கட்டில் போடக்கூடாது." அம்மா படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும். ரசத்தை ஊற்றிக்கொண்டு போசியை என் கையில் கொடுத்து, "காலியாக் குடுத்துப்போடாதீங்க" என்றாள். நான் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து, அளக்கிற ஆழாக்கில் அள்ளி, விரலால் தலைதட்டிப் போட்டேன். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "பண்டகசாலைங்களா இது? கையில அள்ளிப் போடுங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு, போனும் செய்யாதே, செய்தால் நான் புகார் எழுதியது தெரிந்துவிடும். புரட்டிவிட்ட அந்தப் பக்கத்தை இன்று உட்கார்ந்து படித்தேன். உன் வீட்டுக்கார அம்மாள், "அந்தக் காலத்து வரிசையில் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைப்போம், இப்போது கடையில் எல்லாம் இருக்கிறது, என் கதவைத் தட்டத்தான் ஆள் இல்லை" என்று சொன்னாராமே. கட்டுரையில் அதுதான் நல்ல பக்கம், இதுதான் என் கருத்து. இந்தக் கடிதத்தோடு பார்சலில் அம்மா ஒரு பாட்டில் தொக்கும் வைத்திருக்கிறாள். அந்த அம்மாளின் கதவைத் தட்டி அதைக் கொடு. பாட்டில் திரும்பி வந்தால், உள்ளே என்ன இருந்தது என்று எழுது.