ஷூ அசல், ஆள் சந்தேகம்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் சுகம்; என் வலது முழங்கால் மட்டும் சுமார். உன் சுகத்தையும் அத்தானின் ரத்த அழுத்தத்தையும் பற்றி எழுதவும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் இந்தக் கடிதம்.

முப்பத்தைந்து வருடம் பைண்டிங் கடையில் உட்கார்ந்தே வேலை பார்த்த நான் இப்போது காலையில் ஓடுகிறேன் அல்லவா, அதற்காக மகள் பெரிய கம்பெனி ஷூ வாங்கி அனுப்பினாள். ஷூவின் நாக்குக்கு அடியில் ஒரு கட்டம் போட்ட முத்திரை. கம்பெனியின் ஆப்பைத் திறந்து அதற்கு நேரே போனைப் பிடித்தால் அசலா போலியா என்று சொல்லிவிடுமாம். பிடித்தேன். ஒரே நொடி, பச்சை டிக், "அசல்". ஆச்சரியம் தாங்காமல் பழைய செருப்புக்கும் பிடித்துப் பார்த்தேன், அது வாயே திறக்கவில்லை. அதே கம்பெனி எழுபது வயது நிரம்பியவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் பந்தயம் நடத்துவதாக அந்த ஆப்பில் வந்தது. பெயர் கொடுக்கப் போனால், ஷூவை நம்பின ஆப் என்னை நம்பமாட்டேங்குது! தலையைத் திருப்பச் சொன்னது, திருப்பினேன். கண் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன். "அடையாள அட்டையில் இருப்பவர் நீங்கள் அல்ல" என்றது. அட்டையில இருக்கிறவனுக்கு மீசை இருக்கு, எனக்கு இல்ல, அவ்வளவுதான். உன் தம்பி மனைவி, "கொஞ்சம் ஆடாம இருங்க"ன்னு புருவப் பென்சிலால ஒரு மீசை வரைஞ்சா பாரு, உடனே பச்சை டிக்! நான் நானா போனா நான் இல்லையாம் அக்கா, வரைஞ்சுகிட்டுப் போனா நான்தானாம்.

பந்தய மைதானத்து வாசல்லயும் அதே மாதிரி ஒரு மெஷின் இருந்ததால அங்கேயும் மீசையோடதான் போனேன். ஓடினேன். மூணாவதா வந்தேன், சத்தியமா. மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன், நாலாவதா வந்த பல் டாக்டர் நடுவர்கிட்ட கத்துறார்: "மேடம், இந்த ஆளோட மீசை தாடைக்கு இறங்கிடுச்சு பாருங்க! இது ஆள் மாறாட்டம்!" வேர்வையில மை கரைஞ்சு வழியுது. கைரேகை வைக்கச் சொன்னாங்க. இத்தனை வருஷம் பசையிலயும் அட்டையிலயும் தேய்ஞ்ச விரலாச்சே, மெஷினுக்கு ஒண்ணும் புரியல. பதக்கம் போனா போகுது, கூட்டத்துக்கு நடுவுல திருடன் மாதிரி நிக்கிறேனேன்னுதான் இருந்துச்சு.

நடுவர் அம்மா நிதானமானவங்க. "எதுக்குங்க மீசை வரைஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க. "அட்டையில இருக்கிற ஆளா ஆகறதுக்குத்தாங்க"ன்னேன். சிரிக்கல. ஒரு ஈரத் துண்டு கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொல்லி, அட்டையை என் கன்னத்தோட ஒட்டிப் பிடிச்சு, ரொம்ப நேரம் பார்த்தாங்க. "ரெண்டிலயும் இடது காது மேல மடங்கியிருக்கு. இவர்தான்"னாங்க. இத்தனை மெஷின்ல ஒண்ணுகூட என் காதைப் பார்க்கல அக்கா. இவ்வளவு ஏன், அது மடங்கியிருக்குன்னு எனக்கே தெரியாது! பல் டாக்டரும் கிட்ட வந்து எட்டிப் பார்த்துட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க"ன்னு கை கொடுத்தார். வெண்கலப் பதக்கம் இப்ப ஹால்ல தொங்குது.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
சந்தேகத்துக்கு இடமில்லாத உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நீயே போன் செய்துவிட்டாய். எழுபது வயதுப் பிரிவு என்றதுமே, "உனக்கு ஏதுடா எழுபது? அறுபத்தெட்டுதான். பள்ளிக்கூடத்துல சேர்த்துக்க மாட்டேன்னாங்கன்னு அப்பா ரெண்டு வயசு கூட்டிப் போட்டார்" என்கிறாய். இதை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாய்? அன்றே தனியாக நடந்த அறுபது வயதுப் பிரிவில் ஓடியிருந்தால் என் நேரத்துக்குப் பதினேழாவது இடமாம். நாளை பதக்கத்தைப் பல் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். கொடுக்கும்போது நான் யாரென்று சொல்வது, அதை மட்டும் யோசித்து உடனே எழுது.