பேச்சியம்மாள் அட்டை கிழிந்த விவரம்

ஓசூர்,
புதன்கிழமை காலை.

மரியாதைக்குரிய மைத்துனர் தீர்த்தகிரி வாத்தியார் அவர்களுக்கு, உங்கள் அக்கா மாதேஸ்வரியின் வீட்டுக்காரன் சென்னப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சவுக்கியம். சிங்காரப்பேட்டையில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே என்னைச் சமாதானம் செய்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மகள் வினோதா காலேஜுக்காகச் செய்த பத்திரிகை அட்டையைச் சனிக்கிழமை நம் குடோனில் கிழித்துவிட்டார்கள். கிழித்தது பேச்சியம்மாள். கிழிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

பழைய பேப்பர் வியாபாரம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. பத்திரிகை வந்தால் முதலில் அட்டையைக் கிழிக்கணும், பிறகு பின்னைப் பிடுங்கணும், உள்தாளைத் தனியாகப் போடணும். அட்டை வழவழப்புத் தாள், உள்தாளோடு கலந்தால் மில்லுக்காரன் லோடையே திருப்பி அனுப்புவான். தள்ளுவண்டியில் ஆரம்பித்த நாளிலிருந்து முப்பது வருஷமாக நான் கிழித்த அட்டை எத்தனை லட்சமோ, ஒன்றின் முகத்தையும் பார்த்தது கிடையாது. அப்படிப்பட்டவன் மகளை, கணக்கு நன்றாகப் போடுகிற பெண்ணை, பெங்களூரில் பத்திரிகை, சினிமா எல்லாம் சொல்லித்தருகிற படிப்பில் சேர்க்கச் சொன்னது நீங்கள். அங்கே இந்த வருஷம் என்ன பாடம் என்றால், அட்டையைப் பார்ப்பது. கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது, பெயர் ஏன் சிவப்பில் இருக்கிறது என்று ஒரே அட்டையைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதணுமாம். சாப்பிடும்போதும் விடமாட்டாள்.

"ப்பா, இந்த அம்மா யாரைப் பாக்கறாங்க?"

"என்னைத்தான் பாக்குது."

"எதுக்கு?"

"காசு எடுன்னு."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் விளையாட்டுக்குச் சொன்னது எப்படிப் பாடமாகும் என்று இன்றுவரை விளங்கவில்லை. இன்னொரு நாள் ஒரு அட்டையில் படத்திலிருப்பவர் தலை பத்திரிகையின் பெயரையே பாதி மறைத்திருந்தது. "பேரை மறைச்சா எவன் வாங்குவான், அச்சுக்காரனை மாத்தச் சொல்லு" என்றேன். "பேர் எடுத்த பத்திரிகைதான்ப்பா மறைக்கும். புதுசா வந்தது மறைச்சா யாருக்கும் தெரியாது" என்றாள். அது மட்டும் கொஞ்சம் புரிந்தது. நம் குடோன் போர்டை அரசியல்வாதி பேனர் மறைத்து எட்டு மாசம் ஆகிறது, வியாபாரம் குறையவில்லை.

அடுத்த பாடம், சொந்தமாக ஒரு பத்திரிகைக்கு அட்டை செய்வது. கம்ப்யூட்டர் கூடாது, வெட்டி ஒட்டிக் கையால் செய்யணும் என்று உத்தரவு. போன தேர்வன்று காய்ச்சலில் படுத்ததால் இதில் மார்க் வாங்காவிட்டால் வருஷமே போகும் என்று அவள் சொன்ன நாளிலிருந்து உங்கள் அக்கா சரியாகத் தூங்கவில்லை. பத்திரிகைக்குப் பெயர் 'பொதி'. எழுத்தெல்லாம் குடோன் அட்டைகளிலிருந்து வெட்டியது. படத்துக்கு நான் தயாராகச் சலவைச் சட்டை போட்டு நின்றேன். அவள் பேச்சியம்மாளை உட்காரவைத்துவிட்டாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருஷமாக நம்மிடம் வேலை செய்கிறவள், புடவைக்கு மேல் என் பழைய சட்டை, பின்னால் எடைமேடை.

"நல்ல சீலை கட்டிட்டு வாரேன் பாப்பா" என்று கெஞ்சினாள் பேச்சியம்மாள்.

"வேணாம்க்கா, இப்படியே என்னைப் பாருங்க."

"இப்படிப் பாத்தா எம் புருசனே பயப்படுவாரு."

பதினைந்து நாள் வேலை. உள்ளே பழைய தாள்களை வைத்துப் பின் அடித்து நிஜப் பத்திரிகை மாதிரியே செய்து, சனிக்கிழமை பேச்சியம்மாளுக்குக் காட்டக் குடோனுக்குக் கொண்டுவந்தாள். அவள் டீ குடிக்கப் போயிருந்ததால் மேஜைமேல் வைத்துவிட்டு இவளும் பின்னாலேயே போனாள். மேஜைமேல் பத்திரிகை கிடந்தால் நான் என்ன செய்வேன் மச்சான், குவியலில் எறிந்தேன். டீ குடித்துவிட்டு வேறு வழியாக வந்து உட்கார்ந்த பேச்சியம்மாள் கிழித்தாள். தன் மூஞ்சியைத் தானே கிழித்துப் போட்டாள். டீக்கடையில் அவளைக் காணாமல் சுற்றிவிட்டு வினோதா ஒரு மணி நேரம் கழித்து வந்து தேடியபோது மேஜையில் ஒன்றுமில்லை, அட்டைகளை அமுக்கிக் கம்பி கட்டிய பொதிகள் லாரியில் ஏறி, லாரியும் கிளம்பிவிட்டது.

"உன் மூஞ்சி கூடவா தெரியல?" என்று கத்தினேன்.

"மூஞ்சியப் பாத்துக் கிழிச்சா வேல எப்படி ஆவும் மொதலாளி? எம் மூஞ்சிய நான் என்னைக்கு அட்டையில பாத்தேன், தெரியதுக்கு?"

வினோதா "ப்பா, நில்லுங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள், நான் நிற்கவில்லை, பைக்கை எடுத்துவிட்டேன். டிரைவர் ஆனந்தைச் சூளகிரி டீக்கடையில் பிடித்து, ரோட்டோரத்திலேயே பொதிகளைப் பிரித்தோம். மூன்று பொதி. ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பெரிய பத்திரிகை எல்லாம் தலையால் பேரை மறைத்துத்தான் வைத்திருக்கிறது, மகள் சொன்னது நிஜம். "என்ன சார், படம் பாத்துட்டு இருக்கீங்க, வண்டி போவணும்" என்று ஆனந்த் கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. மூன்றாவது பொதியின் அடியில் பேச்சியம்மாள் இருந்தாள். நெற்றியில் மடிப்பு, கன்னத்தில் கம்பித் தடம், ஓரமெல்லாம் கிழிசல்.

திங்கள்கிழமை நானும் காலேஜுக்குப் போனேன். சிவராஜ் என்று வாத்தியார், கன்னடக்காரர். காலில் விழாத குறையாக, "சார், தப்பு எங்க மேல, கிழிச்சுட்டோம்" என்றேன். "நாலு பேர் கைக்குப் போன பத்திரிகை கிழியத்தான் கிழியும்" என்று சொல்லிவிட்டு அட்டையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி. "பெலே எல்லி?"

விலை எங்கே என்கிறார். முப்பது வருஷம் அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் சாப்பிடுகிறேன் மச்சான். என் மகள் செய்த அட்டையில் பெயர் இருக்கிறது, மாதம் இருக்கிறது, விலை இல்லை. கிழிசலுக்கு ஒரு மார்க்கும் போகவில்லை, விலை போடாததற்கு ஐந்து மார்க் போய்விட்டது. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. வருஷம் தப்பியது. ஆனால் நம் குடோனில் கிழிந்ததற்கு மதிப்பு இல்லை, அங்கே இருக்கிறது. இங்கே முகத்தைப் பார்த்தால் வேலை கெடும், அங்கே பார்ப்பதுதான் வேலை. வியாபாரி மகளுக்கே விலை மறக்கவைக்கிற படிப்பு நமக்கு வேண்டாம். கிருஷ்ணகிரியில் பி.காமுக்கு இடம் இருக்குமா என்று விசாரித்து வையுங்கள். சேர்த்துவிட்ட நீங்களே வந்து அவளிடம் சொல்லவும் வேண்டும்.

தங்கச்சி சரஸ்வதிக்கு என் அன்பு. பிள்ளைகள் பார்வை கெடாமல், படிப்பு குழம்பாமல் வளர எங்கள் இருவர் ஆசியும்.

இப்படிக்கு,
சென்னப்பன்

பின்குறிப்பு: பி.காம் விசாரிக்க வேண்டாம். தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது உங்கள் அக்கா வினோதாவின் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். கசங்காத, கிழியாத பேச்சியம்மாள் அட்டை. குடோனில் கிழிந்தது முதலில் செய்து பார்த்த மாதிரியாம், சமர்ப்பிக்க வைத்தது இதுவாம். "அப்புறம் ஏன் கிழிஞ்சதைக் கொடுத்தே?" என்று மகளிடம் கேட்டேன். "நில்லுங்கன்னு கூப்பிட்டேன், நீங்க நிக்கல. மூணு பொதி பிரிச்சுத் தேடிக் கொண்டாந்து கையில குடுத்தீங்க. இன்னொண்ணு இருக்குன்னு எந்த வாயால சொல்றது?" என்கிறாள். எனக்கும் எந்த வாயால் திட்டுவது என்று தெரியவில்லை. இதிலும் விலை இல்லை. என் கையால் முப்பது ரூபாய் என்று எழுதினேன். குடோனுக்குக் கொண்டுபோனதும் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "எம் மூஞ்சி முப்பதா மொதலாளி?" என்றாள். பேசி முடித்தது இது: அட்டை எடைமேடைக்கு எதிரில் மாட்டப்படும். இனி குடோனில் யாரும் கிழிப்பதற்கு முன் ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும். தனிப்பிரதி விலை ரூபாய் ஐம்பது.