ஏழாம் அறையில் ஆள் இல்லை

"ஒரு மாதமாக இருட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். கூரையில் இருக்கும் பெட்டியை உடனே கழற்றவும்."

மேலாளரின் மின்னஞ்சல் இவ்வளவுதான். காலை பத்து மணிக்கு அதைப் படித்த சிக்கனம் நாலாவது மாடிக்கு ஓடினார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் போதும், அடுத்தவர் வீடு என்றுகூடப் பார்க்காமல் அணைத்துவிடுவார். அதனால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர்தான் சிக்கனம். உண்மையில் மின்சாரப் பொறியாளர். இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைச் செய்திருந்தார். அறையில் ஆள் இருந்தால் விளக்கு எரியும், ஏ.சி. ஓடும். ஆள் போனால் இரண்டும் தானாக நிற்கும். நாலாவது மாடி முழுக்க மாட்டி ஒரு மாதம் சோதனை. இன்று மூன்று மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. சரி என்றால் நாற்பது கட்டடங்களிலும் இந்தப் பெட்டிதான். இல்லையென்றால் அவர் பழையபடி மீட்டர் படிக்கப் போகவேண்டியதுதான்.

மற்ற அறைகளில் பெட்டி சமர்த்தாக இருந்தது. ஏழாம் அறையில்தான் தகராறு. மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டியபடி, கோட்டும் தொப்பியுமாக மேலாளர் தெரிகிறார். பெட்டியோ "ஆள் இல்லை" என்று சாதிக்கிறது. தினமும் காலையில் பத்து நிமிஷம் மட்டும் "ஆள் உண்டு". அப்புறம் சாயங்காலம்வரை இருட்டு.

"உள்ள போய் ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்."

"மூச்!" என்று வாசலை மறித்தார் மேலாளரின் உதவியாளர். "ஐயா யோசனைல இருக்கார். கலைச்சா உங்களையும் தொலைச்சிடுவார், என்னையும் தொலைச்சிடுவார்."

சிக்கனம் மனைவிக்குப் போன் போட்டார்.

"நம்ம வீட்ல சோதனை பண்ணப்போ, சோபால கட்டை மாதிரி தூங்கின உங்கண்ணனோட மூச்சையே பெட்டி கண்டுபிடிச்சுதா இல்லையா?"

"கண்டுபிடிச்சுது. நான்தான் அவர் இருக்கறதையே மறந்து கதவைப் பூட்டிட்டுப் போயிட்டேன்."

போதும், தெம்பு வந்துவிட்டது. மச்சானையே கண்டுபிடித்த பெட்டி மேலாளரைக் கண்டுபிடிக்காதா? மடிக்கணினியைத் திறந்து, அசைவைப் பிடிக்கும் கூர்மையை எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றினார்.

எட்டாம் அறையில் ஏ.சி. காற்றில் படபடத்த காலண்டரை ஆள் என்று எண்ணிக்கொண்டு, விளக்கு அணையவே மாட்டேன் என்றது. ஏழாம் அறை அதே இருட்டு.

சரி, அசைவு வேண்டாம், சூடு போதும் என்று மாற்றினார். ஜெராக்ஸ் மெஷின் நல்ல சூடு. அதற்காக ஏ.சி. ஜில்லென்று ஓடியது. "இத்தன வருஷமா எனக்குப் போடாத ஏ.சி. இந்த மெஷினுக்கா?" என்று ஜெராக்ஸ்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

பதறிப்போய்ப் பழையபடி அசைவுக்கே மாற்றி, கூர்மையை ஒரேயடியாக இறக்கினார். மாடி மொத்தமும் இருண்டது. மணி மூன்று.

"எல்லாரும் கையை ஆட்டுங்க! ஆட்டிக்கிட்டே இருங்க!"

முப்பது பேர் எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டினார்கள். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"அடடா, எனக்கா இவ்வளவு வரவேற்பு?" என்று குழுத் தலைவி சிரித்தபடி பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே வந்தார்.

அந்தச் சிரிப்பு ஏழாம் அறை வாசல்வரைதான்.

"ஆள் கண்ணெதிரே உக்காந்திருக்கார். உங்க பெட்டி இல்லைங்குதே?"

"காலைல பத்து நிமிஷம் இருக்கார்னு சொல்லுது மேடம்!"

"மிச்ச நேரம்?"

சிக்கனம் கண்ணாடியைத் தட்டினார். "ஐயா, ஒரே ஒரு தடவை கையை அசைங்கய்யா! என் பொழப்பு போகுது!"

தொப்பிகூட ஆடவில்லை. உதவியாளருக்கு மட்டும் குப்பென்று வியர்த்தது.

"இப்ப சொல்லுங்க. பெட்டியை நம்பறீங்களா, கண்ணை நம்பறீங்களா?" என்றார் தலைவி.

சிக்கனம் கூரையைப் பார்த்தார். இரண்டு வருஷ உழைப்பு. மச்சானின் மூச்சு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பெட்டியத்தான் மேடம். அது இல்லைன்னா இல்லைதான்."

"உங்க தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு முழு ஆளையே கோட்டை விட்ட பெட்டியை எப்படி நாற்பது கட்டடத்துல மாட்டறது?" என்று தலைவி பேனாவைத் திறந்தார்.

அந்த மாடியைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"காலைல அந்தப் பத்து நிமிஷ ஆள் நான்தாங்கம்மா, தூசி தட்டப் போவேன். பெட்டி யாரையும் கோட்டை விடல. மேலாளர் ஐயாதான் போன மாசமே நாற்காலில கோட்டை விட்டுட்டுப் போயிட்டார்."