மாப்பிள்ளை வந்த காரின் வயது

மாப்பிள்ளைக்குப் பத்தொன்பது வயதுதான் என்று கண்டுபிடித்தவர் தம்பிதுரை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து அல்ல. அவர் வந்த காரின் பின்பக்கத்தைப் பார்த்து.

பெண் பார்க்க வந்தவர்கள் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். கறுப்புச் செவர்லே கணபதி வீதியின் முனை திரும்பிய பிறகும் கோவிந்தராஜுலு கும்பிட்ட கையை இறக்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பர். அவர் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றதே அதுதான் முதல் தடவை.

எதிர்ப்பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பிதுரை, கையிலிருந்த கிரீஸைக் கழிவுப் பஞ்சால் துடைத்தபடி வந்தார்.

“ஏனுங்ணா, அந்தக் காரு மாப்பிள்ளை பொறந்தப்ப வாங்குனதுன்னா சொன்னாங்க?”

“ஆமா தம்பி. அவங்கப்பா சுந்தரராஜுலு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னாரே! ‘வெள்ளிக்கிழமை பையன் பொறந்தான், திங்கக்கிழமை காரு வந்துது. ரெண்டுக்கும் ஒரே வயசு, ரெண்டும் ஒருநாள் படுத்ததில்லை’ன்னு. என்ன குரலு, என்ன கம்பீரம்!”

“மாப்பிள்ளைக்கு எத்தனை வயசுங்க?”

“இருபத்தாறு.”

தம்பிதுரை பட்டறைச் சுவரில் சாக்கட்டியால் 1196 என்று எழுதினார். அது காரின் நம்பர்.

“நம்பரு வரிசையாத்தானுங்க குடுக்கறாங்க. பெரியநாயக்கன்பாளையத்துல எம் மச்சினன் லாரி நம்பரு ஆயிரத்து நூத்தி நாப்பது. அது நாப்பத்தொண்ணு சித்திரையில பதிஞ்சது, பூசைக்கு நானே போயிருந்தேன். நம்ம டாக்டர் ஊட்டுக் காரு ஆயிரத்து எரநூத்து முப்பது. அது நாப்பத்திரண்டு தீவாளிக்கு. இந்த 1196 ரெண்டுக்கும் நடுவுல வருது. அப்ப நாப்பத்திரண்டு பொங்கல் வாக்குல வாங்கியிருக்கோணும்.”

“சரி, அதுக்கென்ன?”

“இப்ப நடக்கறது அறுபத்தொண்ணுங்க. காருக்கு வயசு பத்தொம்பது. மாப்பிள்ளையும் காரும் ஒரே வயசுன்னா…”

கோவிந்தராஜுலுவின் கும்பிட்ட கைகள் தாமாகவே பிரிந்தன.

அவர் மகள் கனகத்துக்கு வருகிற ஆவணியில் இருபத்திரண்டு முடிகிறது.

வீட்டுக்குள் இந்தச் செய்தி போனதும் அவர் மனைவி ராமாமணி, கழுவிக்கொண்டிருந்த வெள்ளித் தட்டை அப்படியே கீழே போட்டாள்.

“மூணு வயசு சின்னவனுக்கா பொண்ணைக் குடுக்கறது? ஊரு சிரிக்காதுங்களா?”

“அதை உடு. பத்தொம்பது வயசுல ஒருத்தன் எப்படி அணைக்கட்டுல ஓவர்சியரா இருக்க முடியும்?”

“வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருப்பாங்க” என்றார் வாசற்படியில் நின்ற தம்பிதுரை.

“அப்ப கவர்மெண்டையே ஏமாத்திப்போட்டானா!”

பத்து நிமிடத்துக்கு முன் ரங்கராஜ் என்ற நல்ல பையனாக இருந்தவன், இப்போது கவர்மெண்ட் தேடும் ஆளாகிவிட்டான்.

அவர் சந்தேகப்படுவது இது முதல் தடவையல்ல. கனகத்துக்கு இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் அவர் விசாரித்த விசாரிப்பிலேயே ஓடிப்போயின. ஒரு மாப்பிள்ளை லேசாக நொண்டினார் என்று வைத்தியரைக் கூட்டிவந்து காலைப் பிடித்துப் பார்க்க வைத்தார். புதுச் செருப்பு கடித்திருந்ததாம். இன்னொருவரின் சம்பளத்தை உறுதி செய்ய அவருடைய மேலதிகாரிக்கே கடிதம் எழுதினார்.

“நேராக் கேட்டுப்போடாதீங்க” என்று ராமாமணி கெஞ்சினாள். “நாசூக்காக் கேளுங்க.”

கோவிந்தராஜுலு நாசூக்காகவே கேட்டார். மாப்பிள்ளையின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், ‘தங்கள் காரைக் குறித்துச் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. அது எந்த வருஷத்தியது, இப்போது எந்த நிலையில் உள்ளது என்பதைத் தெரிவித்தால், மேற்கொண்டு கல்யாண விஷயம் பேச அனுகூலமாக இருக்கும்’ என்று சத்தியமங்கலத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு கடிதம் போட்டார்.

நான்காம் நாள் பதில் வந்தது.

‘தங்கள் கடிதம் கண்டு திடுக்கிட்டோம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரிடம் கார் கேட்பது எந்தச் சீமை வழக்கம் என்று தெரியவில்லை. நாங்கள் உங்களிடம் ஒரு சைக்கிள்கூடக் கேட்கவில்லை என்பதை நினைவூட்டுகிறோம். வரும் ஞாயிறு நேரில் வந்து பேசிக்கொள்கிறோம்.’

ராமாமணி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருபத்தைந்து வருட இல்லறம் இருந்தது.

“நாசூக்கு!” என்றாள்.

“வரட்டும். வந்தாத்தானே பரிசோதிக்க முடியும்?” என்றார் கோவிந்தராஜுலு.

பரிசோதனைக்கு வழி சொன்னவரும் தம்பிதுரைதான். “பத்தொம்பது வயசுல அத்தனை அடர்த்தியா மீசை வராதுங்ணா. கண்மையாத்தான் இருக்கோணும். சூடா ஏதாச்சும் குடிக்கக் குடுத்து, ஈரத்துணில தொடைச்சுப் பாருங்க. வண்டிக்குப் புதுப் பெயிண்டு அடிச்சிருந்தா நாங்க அப்படித்தான் கண்டுபுடிப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அதே செவர்லே வந்து நின்றது. டிரைவர் பஷீர் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தார். முதலில் ஜரிகை அங்கவஸ்திரம் வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து கல் கடுக்கனும், பிறகு சுந்தரராஜுலுவும் வந்தார்கள். பின்னாலேயே ரங்கராஜ் ஒரு தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். பரீட்சைக்கு வந்தவன் போல இருந்தான்.

“சம்பந்தி!” என்றார் சுந்தரராஜுலு. எதிர்வரிசை வீடுகளிலிருந்து நான்கு தலைகள் எட்டிப் பார்த்தன. “நான் கோபத்தோடு வரவில்லை. குழப்பத்தோடு வந்திருக்கிறேன்!”

“உள்ள வாங்க, உள்ள வாங்க. மொதல்ல பாயசம் குடிங்க.”

பாயசம் கொதிக்கக் கொதிக்க வந்தது. ரங்கராஜ் மரியாதைக்காக ஒரு வாய் உறிஞ்சினான். கண்ணில் நீர் வந்துவிட்டது. மேலுதட்டில் ஒரு சொட்டு ஒட்டியிருந்தது. அதற்காகவே காத்திருந்த கோவிந்தராஜுலு பாய்ந்தார். இடது கையால் மாப்பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த ஈரத்துண்டால் மீசையை அழுத்தித் துடைத்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

ரங்கராஜ் சிவந்துபோன மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“என்னங்க மாமா இது?” என்றான் மெதுவாக.

“பாயசங்க மாப்பிள்ளை… ஒட்டியிருந்துது.”

சமையலறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கனகம் தலையில் கையை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி நேராகக் கேட்டுவிடுவதுதான் வழி என்று கோவிந்தராஜுலு முடிவு செய்தார்.

“மாப்பிள்ளை எந்த வருஷம், எந்த மாசம் பொறந்தாருங்க?”

“முப்பத்தாறு, ஆடி!” என்றார் சுந்தரராஜுலு.

“முப்பத்தஞ்சு, தை” என்றான் ரங்கராஜ்.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பெத்தவருக்கு ஒண்ணு, பொறந்தவருக்கு ஒண்ணா?” கோவிந்தராஜுலு எழுந்தே விட்டார். “ரெண்டும் இல்லீங்க! நாப்பத்திரண்டு! பையனுக்குப் பத்தொம்பது வயசு! உங்க காரு நம்பரே சொல்லுது!”

“நம்பரா?”

“ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தாறு! காரும் பையனும் ஒரே வாரத்துல வந்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க? காருக்குப் பத்தொம்பதுன்னா பையனுக்கும் பத்தொம்பதுதானே?”

ரங்கராஜ் தோல் பையைத் திறந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

“ஜாதகம் கேட்டிருந்தீங்க. எனக்கு எழுதி வெக்கலீங்க. இதைப் பார்த்து எழுதிக்குவீங்கன்னு கொண்டாந்தேன்.”

கோவிந்தராஜுலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறந்த தேதி: ஜனவரி, 1935. தலைமையாசிரியர் கையெழுத்து. ரப்பர் முத்திரை. தேதியை அழித்து எழுதியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இல்லை. இருபத்தாறு.

புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

சுந்தரராஜுலு நிதானமாக எழுந்தார். அங்கவஸ்திரத்தை ஒரு சுழற்றுச் சுழற்றித் தோளில் போட்டார்.

“காரைக் கேட்டீர்கள், பொறுத்தேன். மீசையைத் தேய்த்தீர்கள், பொறுத்தேன். என் வாக்கைச் சந்தேகித்தீர்கள். இனி இந்த வீட்டில் நிற்பது எனக்கு அழகல்ல. ரங்கா, புறப்படு!”

ரங்கராஜ் புறப்படவில்லை. சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தான்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் கனகம் வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். குரலை உயர்த்திப் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“அப்பா, எனக்கு அவரைப் புடிச்சிருக்குங்க. இந்தத் தடவையும் நீங்க கெடுத்துப்போட்டீங்கன்னா, இனிமே நான் யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்.”

“அம்மணி, நான் உன்ற நல்லதுக்குத்தானே…”

“அவரு மீசையைத் தொடைச்சது என்ற நல்லதுக்குங்களா?”

அவள் கண்கள் நிறைந்திருந்தன. அதைப் பார்த்ததும் கோவிந்தராஜுலு செருப்புக்கூடப் போடாமல் வீதிக்கு ஓடினார்.

கார் கதவில் கை வைத்திருந்த சுந்தரராஜுலுவின் காலடியில், நட்டநடு வீதியில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மில்லில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தம்பிதுரை பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“சம்பந்தி! புத்தி கெட்டுப்போட்டேன்! மன்னிச்சேன்னு சொன்னாத்தான் எந்திரிப்பேன்!”

சுந்தரராஜுலு வானத்தைப் பார்த்தார். பிறகு வீதியில் கூடியிருந்த அத்தனை பேரையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“எழுந்திருங்கள், சம்பந்தி. பெண்ணைப் பெற்றவர் மண்ணில் கிடக்கலாகாது!”

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. எல்லோரும் மறுபடியும் உள்ளே வந்தார்கள். சுந்தரராஜுலுவை நாற்காலியில் உட்கார வைத்து கோவிந்தராஜுலுவே விசிறினார். ராமாமணி அன்றைக்கே தட்டை மாற்றிக்கொண்டுவிடலாம் என்றாள். இன்னும் ஒரு வாரம் விட்டால் கணவர் வேறு எதையாவது விசாரித்துவிடுவார் என்ற பயம் அவளுக்கு. வெற்றிலை, பாக்கு, பழம் கைமாறின. ஆவணி இருபதாம் தேதி முகூர்த்தம் என்று முடிவாயிற்று. கனகம் தலை நிமிர்ந்து ஒரே ஒரு முறை பார்த்தாள். ரங்கராஜ் சிவந்த உதட்டோடு சிரித்தான்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க” என்றார் கோவிந்தராஜுலு. “இனிமே சம்பந்தி எது சொன்னாலும் எனக்கு அதுதான் சத்தியம். இந்த ஜென்மத்துல யாரையும் எதையும் விசாரிக்க மாட்டேன்.”

விருந்து நடந்துகொண்டிருந்தபோது, டிரைவரைக் கவனிக்கவில்லையே என்று அவருக்கு நினைவு வந்தது. ஒரு தட்டில் லட்டும் மிக்சரும் ஒரு டம்ளர் காப்பியும் எடுத்துக்கொண்டு தானே வெளியே போனார். பஷீர் வேப்பமர நிழலில் காரின் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிடுங்க பாய். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.”

“ரொம்ப சந்தோசமுங்க. அந்தத் தம்பி தங்கமான புள்ளைங்க.”

கோவிந்தராஜுலு போகத்தான் நினைத்தார். ஆனால் கண் தானாக அந்த நம்பர் மேல் போயிற்று. இது விசாரணை ஆகாது, சும்மா ஒரு பேச்சுதான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

“பாய், சும்மா கேக்கறேன். இது எந்த வருசத்துக் காரு?”

“நாப்பத்திரண்டுங்க. நீங்க உள்ள சத்தம் போட்டுச் சொன்ன கணக்கு ரொம்பச் சரி. ஆர்.சி. பொஸ்தகம் எங்கிட்டத்தான் இருக்குது.”

“உங்ககிட்டயா? காரு பொஸ்தகம் உங்ககிட்ட எப்படி?”

பஷீர் லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். வீட்டு வாசலைப் பார்த்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார்.

“சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க. ஆனா நீங்க வீதியில அப்படி உழுந்ததைப் பார்த்ததுக்கப்புறம் மனசு கேக்கலீங்க. காரு என்னுதுங்க. சத்தியமங்கலத்துல வாடகைக்கு ஓட்டறேன்.”

கோவிந்தராஜுலுவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. காப்பி வழிந்து விரலைச் சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

“வாடகைக் காரா! அப்ப சம்பந்தி… வெள்ளிக்கிழமை பையன், திங்கக்கிழமை காருன்னு… அத்தனையும் பொய்யா? பெத்த அப்பன் பேசற பேச்சா இது?”

“அட, காரை உடுங்க. அந்தத் தம்பிக்குப் பெத்தவங்களே இல்லீங்க. அப்பா இல்லாத பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அழுதுச்சு, அதுனால எங்கூரு நாடகத்துல அப்பா வேசம் கட்டறவரைக் காரோட சேர்த்து நான்தானுங்க வாடகைக்குப் புடிச்சுக் குடுத்தேன்.”